சிலம்பை நாவலாக்கினால் முற்பிறவிக் கதை வேண்டுமா?

புகார்வாசி: சிலப்பதிகாரத்தை இன்றைய தம்பதி ஒருவரின் கதையாக மாற்றி நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். மதுரை எரிந்தபின் வரும் பகுதியான கட்டுரை காதையில் உள்ள முற்பிறவிக் கதையை வெட்டிவிடலாமா? கோவலன் போன பிறவியில் சிங்கபுரத்து அரசனிடம் வேலை பார்த்த பரதனாம். அங்காடியில் நகை விற்ற சங்கமனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்லவைத்தானாம். மதுரையில் வெட்டுப்பட்டது அதனால்தானாம். அப்படியானால் பொற்கொல்லன்மேல் என்ன தப்பு? பாண்டியன் எதற்குச் செத்தான்?

நீலிமலை: வெட்டினால் அது சிலம்பே இல்லை. ‘ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும்’ என்று முன்னுரையான பதிகமே சொல்கிறதே.

புகார்வாசி: பதிகம் பிற்சேர்க்கை என்பவர்களும் உண்டு.

சும்மா வாசகன்: அந்தக் கதையைச் சொல்வது யார் என்று பாருங்கள். மதுராபதி, பாண்டியர்களின் நகரத் தெய்வம். கண்ணகியின் முன்னால் வரத் துணியாமல் பின்னால் வந்து பேசுகிறாள். முதலில் பாண்டியர் செங்கோலுக்கு நீளமாக வக்காலத்து, அப்புறம்தான் பரதன் கதை. கட்சிக்காரருக்காக வாதாடும் வக்கீல் சொன்னதை இளங்கோவின் தீர்ப்பாக எடுத்துக்கொள்வீர்களா?

நீலிமலை: கண்ணகியின் தோழி தேவந்தியுமா வக்கீல்? முற்பிறவியில் கணவனுக்கான நோன்பில் தவறினாய் என்று அவளும்தான் சொல்கிறாள்.

சும்மா வாசகன்: பொய்கையில் மூழ்கிக் காமவேளைத் தொழு, கணவன் வருவான் என்று தேவந்தி சொன்னதற்குக் கண்ணகி சொன்னது ஒரே பதில்: ‘பீடன்று’, அது பெருமையில்லை என்று.

நீலிமலை: பரிகாரம் வேண்டாம் என்றாளே தவிர, முற்பிறவி பொய் என்று சொல்லவில்லை. சங்கமன் மனைவி நீலியை எல்லாருமே மறந்துவிடுகிறீர்கள். 14 நாள் அலைந்து, மலையேறி, சாபமிட்டு உயிரை விட்டவள். கண்ணகிக்காவது வழக்குரைக்க ஓர் அரசவை கிடைத்தது.

புகார்வாசி: நியாயம்தான். ஆனால் பரதன் பட்ட கடனைக் கண்ணகி எதற்குக் கட்ட வேண்டும்?

மனையறம்: பிறவிக் கணக்கை விடுங்கள், கனவுகளைப் பாருங்கள். பெரிய ஊரில் ஊரார் வீண்பழி சுமத்த, கணவனுக்குத் தீங்கு நேர்வதாகக் கண்ணகி கனவு கண்டு தேவந்தியிடம் சொல்கிறாள். அந்தப் பேச்சு முடியும்போதே கோவலன் வாசலில். பொருளெல்லாம் தொலைத்தேன், வெட்கமாயிருக்கிறது என்கிறான். மாதவிக்குக் கொடுக்கத்தான் கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டு, சிரித்தமுகமாய், சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். கனவைப் பற்றி மூச்சுவிடவில்லை! மதுரைக்குப் போனபின் கோவலனுக்கும் கெட்ட கனவு வருகிறது. அவன் சொல்வது தனக்குத் தெரிந்த மறையவன் மாடலனிடம். இருவரும் தங்கள் கனவை ஊராரிடம் சொல்லி, ஒருவருக்கொருவர் சொல்லாத கல்யாணம் இது. உங்கள் நாவல் அங்கேதான் இருக்கிறது.

புகார்வாசி: அதை எடுத்துக்கொள்கிறேன். பரதன் கதை மட்டும் இன்னும் வெட்டும் பட்டியலில்தான்.

நீலிமலை: நீலியை வெட்டினால் நான் புத்தகம் வாங்க மாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்.