மறுமொழி: ‘புல் ரிக்வெஸ்ட்’ – ‘மாற்ற முன்மொழிவு’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். ‘நான் நிரலில் செய்த மாற்றத்தை உங்கள் திட்டத்தில் ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று கேட்பதுதான் ‘புல் ரிக்வெஸ்ட்’. அதைத் திரையில் தமிழில் எப்படி எழுதுவது என்ற பேச்சின் தொடர்ச்சி இது.

> ‘இழுப்புக் கோரிக்கை’ என்றே வைத்துவிடலாம். நேர்ச்சொல், குழப்பம் இல்லை.

குழப்பம் இருக்கிறது. இழுப்பு என்றால் எங்கள் பக்கம் மூச்சிரைப்பு. அதைக்கூட விட்டுவிடலாம். யார் எதை எங்கே இழுக்கிறார்கள் என்பதே அந்தச் சொல்லில் தெரியவில்லை.

ஆங்கிலப் பெயருக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. நிரலில் நடக்கும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் ‘கிட்’ மென்பொருள், 2005இல் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலை எழுதும் குழுவுக்காகப் பிறந்தது. ஒரு பிரிவைப் பார்த்துக்கொள்பவர் மாற்றங்களைத் தம் களஞ்சியத்தில் (நிரலும் அதன் வரலாறும் இருக்கும் இடத்தில்) தயாராக வைத்துவிட்டு, ‘இந்த முகவரியில் இருக்கின்றன, இழுத்துக்கொள்ளுங்கள்’ என்று லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்சுக்கு மின்னஞ்சல் அனுப்புவார். அந்த மடலின் வாசகத்தை ஆக்கித் தருவதற்கென்றே கிட்டில் ‘ரிக்வெஸ்ட்-புல்’ என்றொரு கட்டளை உண்டு. அவரும் உண்மையாகவே தம் கணினிக்கு இழுத்துக்கொள்வார். கெர்னல் குழுவில் இந்தப் பழக்கம் இன்றும் இருக்கிறது.

கிட் களஞ்சியங்களை இணையத்தில் வைக்கும் தளமாக 2008இல் வந்த கிட்ஹப் அந்தப் பெயரை எடுத்து ஒரு பொத்தானில் எழுதியது. இப்போது ஒரே களஞ்சியத்துக்குள் ஒரு கிளையிலிருந்து (தனியாக வளரும் நிரல் வடிவத்திலிருந்து) இன்னொரு கிளைக்குப் போனாலும் பெயர் அதேதான். இதே வேலைக்கு வேறு தளங்களும் கருவிகளும் உண்டு. கிட்லேப் அதையே ‘மெர்ஜ் ரிக்வெஸ்ட்’ என்கிறது. கெரிட்டில் வெறும் ‘சேஞ்ச்’. லாஞ்ச்பேடில் ‘மெர்ஜ் புரொப்போசல்’. ஒரே வேலைக்கு அங்கேயே நாலு பெயர் ஓடும்போது, இருப்பதிலேயே காலாவதியான ஒன்றைப் பிடித்து நாம் ஏன் சொல்லுக்குச் சொல் பெயர்க்க வேண்டும்?

> அப்படியானால் ‘இணைப்புக் கோரிக்கை’?

லிங்க் இணைப்பு, அட்டாச்மென்ட் இணைப்பு, இணையமும் இணைப்பு. ‘புதிய இணைப்புக் கோரிக்கை’ என்று திரையில் பார்த்தால் மின்வாரியம்தான் ஞாபகம் வரும். ‘சேர்ப்பு’ம் ஆகாது, ‘கிட் ஆட்’ கட்டளைக்குச் ‘சேர்’ வேண்டும்.

என் பரிந்துரை: மாற்ற முன்மொழிவு.

ஊர்ச் சங்கக் கூட்டத்தில் ஒருமுறை உட்கார்ந்தவருக்குக்கூட இந்த முறை தெரியும். ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், அப்புறம்தான் தீர்மானம் நிறைவேறும். கிட்ஹப்பிலும் முக்கியமான கிளைக்கு ‘குறைந்தது இத்தனை பேர் ஒப்பினால்தான் உள்ளே போகும்’ என்று விதி வைக்கலாம். முன்மொழிவைத் திறந்தவரே தம்முடையதற்கு ஒப்புதல் தர அது விடாது. ஆக, ‘அப்ரூவ்’ பொத்தானுக்கு ‘வழிமொழி’ கையோடு கிடைக்கிறது. ‘ரிக்வெஸ்ட் சேஞ்சஸ்’ என்பதற்குத் ‘திருத்தம் கேள்’. ‘மெர்ஜ்’ என்பதற்கு ‘ஒன்றிணை’. அறிவிப்பாக எழுதிப் பார்த்தேன்:

‘உங்கள் முன்மொழிவை இருவர் வழிமொழிந்துள்ளனர். சோதனைகள் தேறின. முதன்மைக் கிளையில் ஒன்றிணைக்கலாம்.’

வாய்விட்டுப் படித்தால் நெருடவில்லை.

தானியங்கிகளுக்கும் ஒத்துவருகிறது. நாம் பயன்படுத்தும் நிரலகம் (பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல்) பழையதாகிவிட்டால் டிபெண்டபாட் என்ற தானியங்கி தானே கிளை பிரித்து, பதிப்பெண்ணை மாற்றி, ஒரு முன்மொழிவைத் திறந்து வைக்கிறது. ‘பாட் முன்மொழிந்தது’ எனலாம். ஆனால் ஜென்கின்ஸோ கிட்ஹப் ஆக்‌ஷன்ஸோ சோதனைகளை ஓட்டிப் பச்சை டிக் போடுவதை வழிமொழிதல் என்று தயவுசெய்து யாரும் பெயர்த்துவிடாதீர்கள். கெரிட் இதை அழகாகப் பிரித்து வைத்திருக்கிறது: நிரலைப் படித்தவர் ‘கோட்-ரிவ்யூ’ என்ற தலைப்பில் +2 வரை தருவார், தானியங்கி தருவது ‘வெரிஃபைடு’ என்ற வேறு தலைப்பில். நாமும் ‘சரிபார்ப்பு தேறியது’ என்று தனியாக வைப்போம். டிக்கைப் பார்த்துவிட்டு, ஒரு வரிகூடப் படிக்காமல் ஒன்றிணைக்கும் ஆட்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறார்கள்.

———

> என் பரிந்துரை: மாற்ற முன்மொழிவு.

‘வழிமொழி’ பிடித்திருக்கிறது. முன்மொழிவில்தான் தயக்கம். பைத்தான் நிரல்மொழியில் ‘பெப்’ (பைத்தான் என்ஹான்ஸ்மென்ட் புரொப்போசல்) என்கிறோமே, அதன் விரிவிலேயே ‘புரொப்போசல்’ இருக்கிறது. நிரல் எழுதும் முன்பே, மொழியில் இன்னது வேண்டும் என்று வாதாடி எழுதும் ஆவணம் அது. அதையும் முன்மொழிவு என்றுதானே பெயர்ப்போம்? ஒரே திட்டத்தில் இரண்டும் வந்தால் படிப்பவர் திணறிப்போவார். இன்னொன்று, அலுவலகத்தில் எல்லோரும் புல் ரிக்வெஸ்ட்டைச் சுருக்கி ‘பி.ஆர். போட்டாச்சு’ என்றுதான் சொல்கிறார்கள். ‘முன்மொழிவு போட்டாச்சு’ என்று யார் சொல்லப்போகிறார்கள்?

———

> ‘முன்மொழிவு போட்டாச்சு’ என்று யார் சொல்லப்போகிறார்கள்?

யாரும் சொல்ல வேண்டாம். பேச்சில் பி.ஆர். இருந்துவிட்டுப் போகட்டும். நமக்கு வேண்டியது திரையிலும் கையேட்டிலும் எழுத ஒரு சொல்.

பெப் பற்றிச் சொன்னது நியாயம். ‘மாற்ற’ என்ற அடையைச் சும்மா அலங்காரத்துக்கு வைக்கவில்லை. பெப்பை ‘மேம்பாட்டு முன்மொழிவு’ என்றும் இதை ‘மாற்ற முன்மொழிவு’ என்றும் எழுதினால் பிரிந்துவிடும். இடம்தான் சிக்கல். மேலே உள்ள தாவலில் ‘மாற்ற முன்மொழிவுகள்’ என்று போட்டால் கைப்பேசியில் இரண்டு வரியாக உடையும். அங்கே மட்டும் ‘முன்மொழிவுகள்’, தலைப்புகளில் முழுப்பெயர். பெப் போன்ற ஆவணங்கள் அந்தத் தாவலுக்குள் தனி வகையாக வராது என்பதால் குழப்பம் வராது.

மறுப்பில்லை என்றால் இந்த வாரக் கடைசியில் மொழியாக்கக் கோப்பில் போட்டுப் பார்க்கிறேன். ‘டிராஃப்ட்’டுக்கு ‘வரைவு’ போதும். ‘குளோஸ்டு’க்கு முந்தைய இழையில் ஒருவர் சொன்ன ‘நிராகரிக்கப்பட்டது’ வேண்டாம். ‘மூடப்பட்டது’ என்றே இருக்கட்டும். திறந்தவரே மனம் மாறி மூடுவதும் உண்டு, மூடியதை மறுபடி திறக்கவும் முடியும்.