வெளிநாட்டு ஏடிஎம்மில் எந்த நாணயத்தைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி:
முதன்முறையாக வெளிநாடு செல்லவிருக்கிறேன். பெருந்தொகையைக் கையில் கொண்டுசெல்லத் தயக்கமாக இருப்பதால், அங்கேயே ஏடிஎம்மில் எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணுகிறேன். அந்நாட்டு நாணயத்தில் கணக்கிடுவதா, நம் நாணயத்தில் கணக்கிடுவதா என்று இயந்திரம் கேட்குமாமே, எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? டெபிட் கார்டு நல்லதா, கிரெடிட் கார்டு நல்லதா?

மறுமொழி 1:
தயங்காமல் அந்நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். நம் நாணயத்தில் கணக்கிடச் சம்மதித்தால், மாற்று விகிதம் விசா, மாஸ்டர்கார்டு போன்ற நிறுவனங்களுடையதாக இருக்காது. இயந்திரத்தை நடத்துபவர்கள் தங்கள் லாபத்தையும் சேர்த்து வைக்கும் விகிதமாகவே இருக்கும். எவ்வளவு பிடிக்கப்படும் என்பது திரையிலேயே தெரிந்துவிடுவதால் அதுவே பாதுகாப்பானது என்று நம்பிப் பலர் ஒப்புக்கொள்வது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. அந்த மாற்றத்தை மறுத்தால் பணமே வராது என்று அஞ்ச வேண்டாம். மறுத்த பிறகும் பணம் வழக்கம்போல வரும். கணக்கீடு மட்டும் கார்டு நிறுவனத்தின் விகிதத்தில் நடக்கும்.

மறுமொழி 2:
மேலே சொன்னது முற்றிலும் சரி. கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுப்பதைக் கூடியவரை தவிருங்கள். பொருள் வாங்கும்போது கிடைக்கும் வட்டியில்லாத் தவணைக்காலம் பொதுவாக அதற்குக் கிடையாது, எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். டெபிட் கார்டிலும் உங்கள் வங்கியின் கட்டணம், நாணய மாற்றுக் கட்டணம், இயந்திரத்தை வைத்திருப்பவரின் கட்டணம் என மூன்றும் சேரக்கூடும். இவற்றில் சில, தொகை எதுவானாலும் ஒவ்வொரு முறைக்கும் இவ்வளவு என்று பிடிக்கப்படுபவை என்பதால், சிறு தொகையாகப் பலமுறை எடுப்பதைவிடத் தேவையைக் கணக்கிட்டு ஒரே முறையில் எடுப்பதே சிக்கனம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. புறப்படுவதற்கு முன் வங்கியில் செய்ய வேண்டியது ஏதேனும் உண்டா?

மறுமொழி 3:
உண்டு. கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு முடக்கப்பட்டிருந்தால் அதை இயக்கச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு எடுக்கலாம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சில நாடுகளின் இயந்திரங்கள் 4 இலக்கப் பின் எண்ணை மட்டுமே ஏற்பதால், உங்களுடையது 6 இலக்கமாக இருந்தால் அதையும் விசாரிப்பது அவசியம். அங்கு சென்றபின், வங்கிக் கிளையோடு ஒட்டிய இயந்திரத்தை, கிளை திறந்திருக்கும் நேரத்தில் பயன்படுத்துங்கள். கார்டு உள்ளே சிக்கிக்கொண்டால் உடனே உள்ளே சென்று கேட்க முடியும். பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்திருந்தால், ரசீதைப் பத்திரப்படுத்தி, கார்டு வழங்கிய உங்கள் வங்கியிடமே தாமதமின்றிப் புகார் அளியுங்கள். இரண்டாவது கார்டு ஒன்றை வேறு பையில் வைத்திருப்பதும் நல்லது.