பெரியப்பா கேட்ட மதகு

ஞாயிறு, காலை 6:12

மதுரை மாமா: (பலமுறை பகிரப்பட்டது) தமிழனாய்ப் பிறந்ததற்குப் பெருமைப்படுவோம்! உலகின் மிகப் பெரிய கோயிலைக் கம்போடியாவில் எழுப்பியவன் தமிழ் மன்னன் சூர்யவர்மன்! எந்தப் பாடப்புத்தகமும் இதைச் சொல்லாது! பத்துப் பேருக்கு அனுப்புங்கள்!!

மதுரை மாமா: பாப்பா இப்போது அங்கேதானே இருக்கிறாள்?

சித்தி: 🙏🙏

தம்பி: மாமா, போன மாதம் நீங்கள் அனுப்பியதில் ராஜேந்திர சோழன் கட்டினான் என்று இருந்தது.

மதுரை மாமா: அது வேறு செய்தி.

நான்: காலை வணக்கம் மாமா. அந்த அங்கோர் வாட் கோயில் வாசலில்தான் நிற்கிறேன். இங்கே மணி எட்டு ஆகப்போகிறது. வியாழக்கிழமையோடு நோம்பென்னில் கம்பெனி வேலை முடிந்தது, இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு சியாம் ரீப் வந்தேன்.

அத்தை: சாப்பிட்டாயா?

நான்: ஆச்சு அத்தை. அரிசிக்கஞ்சி.

நான்: மாமா, சூர்யவர்மன் என்ற பெயர் சரி, இரண்டாம் சூர்யவர்மன். 1113-இல் பட்டத்துக்கு வந்தவர். ஆனால் தமிழர் இல்லை, கெமர், இந்த ஊர் மக்கள். பட்டத்துக்கு வந்த விதம் கல்வெட்டிலேயே இருக்கிறது. எதிரி அரசனுடைய யானையின் தலைமேல் பாய்ந்து அவனைக் கொன்றாராம், மலை உச்சியில் கருடன் பாம்பைக் கொல்வதுபோல. அந்த எதிரி வேறு யாருமில்லை, அவருடைய சொந்தப் பெரிய தாத்தா முறை.

தம்பி: சொத்துத் தகராறு எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

மதுரை மாமா: வர்மன் என்று பெயர் இருக்கிறதே? மகேந்திரவர்மன், நரசிம்மவர்மன் எல்லாம் யார்?

நான்: அவர்கள் பல்லவர்கள், சரி. ஆனால் வர்மன் என்பது அரசர்கள் வைத்துக்கொண்ட பட்டப்பெயர். கங்கைக் கரையில் மௌகரி வம்சத்தில் ஓர் ஈசானவர்மன் இருந்தார். அடுத்த நூற்றாண்டில் இங்கேயும் ஓர் ஈசானவர்மன். இருவருக்கும் உறவு கிடையாது. இங்குள்ளவரின் தலைநகர் ஈசானபுரம், இன்றைய சம்போர் ப்ரெய் குக். அங்கே எட்டுப்பட்டைச் செங்கல் கோயில்கள் இன்னும் நிற்கின்றன.

அத்தை: அதெல்லாம் இருக்கட்டும். நீ நிற்கிற கோயிலில் சாமி இருக்கிறதா? பூஜை உண்டா?

நான்: இருக்கிறார் அத்தை. மேற்கு வாசல் கோபுரத்துக்குள்ளேயே. எட்டுக் கை விஷ்ணு, ஆளைவிட உயரம். காவித் துணி சுற்றியிருக்கிறார்கள். காலடியில் ஊதுபத்திப் புகை. ஒரு பாட்டி தாமரை மொட்டின் இதழ்களை ஒவ்வொன்றாக உள்பக்கம் மடித்து வைத்துக்கொண்டிருந்தார், அப்படி மடித்துத்தான் வைப்பார்களாம். பெயர் கேட்டேன். ‘தா ரீச்’ என்றார்.

அத்தை: அப்படியென்றால்?

நான்: தா என்றால் தாத்தா. ரீச் என்பது நம் ராஜாதான். ராஜா தாத்தா. அந்தப் பாட்டிக்கு அவர் பெருமாள் இல்லை, ஊரைக் காக்கிற தாத்தா. கோயிலுக்குள்ளே புத்த பிக்குகள் இருக்கிறார்கள். முதலில் விஷ்ணு கோயில், பிறகு புத்த கோயில். ஆனால் வழிபாடு நிற்கவே இல்லை.

அத்தை: எனக்காகவும் ஒரு ஊதுபத்தி ஏற்றிவிடு.

காலை 7:05

பெரியப்பா: இப்போதுதான் பார்த்தேன். எனக்கு ஒரே ஒரு கேள்வி. கோயிலைச் சுற்றி அகழி இருக்கிறதே, அதன் அகலம் என்ன?

தம்பி: வந்துவிட்டார் பொதுப்பணித்துறை 😄

நான்: ஏறக்குறைய 190 மீட்டர் பெரியப்பா. கோயில் வளாகம் 1.5 கிலோமீட்டருக்கு 1.3 கிலோமீட்டர். நடு கோபுரம் 65 மீட்டர்.

பெரியப்பா: 190 மீட்டர் அகழி சண்டைக்கு மட்டும் வெட்டியிருக்க மாட்டார்கள். ஏரி இருக்க வேண்டுமே.

நான்: இருக்கிறது. இரண்டு பெரியவை. கிழக்கு பாராய், மேற்கு பாராய். கிழக்கு ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் யசோவர்மன் போட்டது, 7.5 கிலோமீட்டர் நீளம், 1.8 அகலம். அது இப்போது வறண்டுவிட்டது, உள்ளே நெல் நட்டிருக்கிறார்கள். மேற்கு பதினோராம் நூற்றாண்டு, 8 கிலோமீட்டர் நீளம், 2 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் அகலம். அதில் இன்னும் தண்ணீர் நிற்கிறது.

பெரியப்பா: எவ்வளவு ஆழம் தோண்டினார்கள்?

நான்: அதுதான் விஷயம். தோண்டவில்லை. தரைக்கு மேலே நாலு பக்கமும் மண்கரை எழுப்பி, அதற்குள் தண்ணீரை விட்டார்கள். வடக்கே குலேன் மலையிலிருந்து வரும் ஆற்றைத் திருப்பி உள்ளே கொண்டுவந்தார்கள்.

பெரியப்பா: நாலு பக்கமுமா?

நான்: செங்கல் சூளையில் அச்சு வைத்ததுபோல நீள்சதுரம்.

பெரியப்பா: மாமாவுக்குப் பதில் இதிலேயே இருக்கிறது. நம் கண்மாய்க்கு ஒரு பக்கம்தான் கரை. சரிவு எங்கே இறங்குகிறதோ அங்கே வளைத்துக் கரை போடுவோம், மறுபக்கம் மேட்டு நிலமே தடுத்துக்கொள்ளும். பிறை நிலா மாதிரி இருக்கும். தட்டைச் சமவெளியில் நாலு கரை போட்டு, பாசன நிலத்தைவிட உயரத்தில் தண்ணீரை நிறுத்துவது வேறு கணக்கு, வேறு மூளை. நம்மிடம் படித்துப் போனவன் இப்படிக் கட்ட மாட்டான்.

மதுரை மாமா: அத்தான், நீங்களும் கட்சி மாறிவிட்டீர்களா?

பெரியப்பா: மண் வேலையில் கட்சி கிடையாது மாப்பிள்ளை. பாப்பா, மதகு எங்கே?

நான்: அதைத்தான் ஆராய்ச்சிக்காரர்கள் எழுபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பாசனத்துக்கு என்று ஒரு சாரார், கடலைப் போலப் புனித நீர் என்று ஒரு சாரார். நடுவில் தீவுபோல ஒரு கோயில் வேறு இருக்கிறது. வாய்க்கால்கள், கரைகள் எல்லாம் சேர்ந்து ஒரே வலை என்பதை வானிலிருந்து எடுத்த ரேடார் படங்களும், 2012-க்குப் பிறகு லேசர் அளவீடும் காட்டின. காட்டுக்குக் கீழே தெருக்களும் குளங்களும் வரிசையாகத் தெரிந்தன.

பெரியப்பா: கோடையில் மழை பொய்த்தால் நெல்லுக்குத் தண்ணீர், மழையில் ஆறு பெருகினால் வாங்கிக்கொள்ள இடம். இரண்டும்தான். சாமி பெயர் வைத்தால் கரையை யாரும் வெட்ட மாட்டார்கள்.

காலை 8:40

சித்தி: எனக்கு ஒன்று புரியவில்லை. தமிழரும் இல்லை என்றால் இவர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

நான்: எங்கிருந்தும் வரவில்லை சித்தி, இங்கேயே இருந்தவர்கள். நெல்லும் வெண்கலமும் இரும்பும் கிறிஸ்துவுக்கு முன்பே இங்கே உண்டு. மொழியைக் கேட்டாலே தெரிந்துவிடும். காலையில் டுக்-டுக் ஓட்டுநர் சில்லறை எண்ணிக் கொடுத்தார். முய், பி, பெய், புஓன், ப்ராம். ஐந்து வரை சரி. ஆறாவது நோட்டுக்கு ‘ப்ராம்-முய்’ என்றார். ஐந்து-ஒன்று. ஏழுக்கு ஐந்து-இரண்டு. ஒரு கை முடிந்ததும் அடுத்த கை விரலைச் சேர்த்துச் சொல்கிற கணக்கு.

தம்பி: அப்போது ஒன்பது?

நான்: ப்ராம்-புஓன். ஐந்து-நாலு. தமிழிலும் இல்லை, சமஸ்கிருதத்திலும் இல்லை. இந்த மொழிக் குடும்பத்தின் தூரத்துச் சொந்தங்கள் ஜார்க்கண்டில் சந்தாலி, மேகாலயாவில் காசி.

அத்தை: காசியா?

நான்: வாரணாசி இல்லை அத்தை. மேகாலயாவில் காசி என்று ஒரு மொழி. வியட்நாமிய மொழியும் இதே குடும்பம்தான்.

மதுரை மாமா: எழுத்து நம்முடையது. அதையாவது ஒத்துக்கொள்.

நான்: ஒத்துக்கொள்கிறேன் மாமா, முழுமனதோடு. கெமர் எழுத்து பல்லவர் எழுத்திலிருந்து வந்தது. தேதி போட்ட மிகப் பழைய கெமர் கல்வெட்டு 611-ஆம் ஆண்டு, தெற்கே அங்கோர் போரெயில் கிடைத்தது. இன்னொன்று நோம்பென் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சக ஆண்டு 605 என்று எண்ணால் வெட்டியிருக்கிறார்கள், அதாவது 683. நடுவில் இருக்கும் பூஜ்யம் ஒரு புள்ளி. குவாலியர் கோயிலில் உள்ள பூஜ்யம் 876. அதைவிட ஏறக்குறைய இருநூறு வருடம் மூத்தது.

தம்பி: புள்ளிக்காகவே நான் போக வேண்டும்.

நான்: அங்கோர் என்பதே நகரம்தான். நகர, நொகோர், அங்கோர். சொல்லை வாங்கித் தங்கள் வாய்க்கு ஏற்ற மாதிரி மென்றுவிட்டார்கள்.

சித்தி: ஒரு பாம்புப் பெண் கதை இருக்கிறது என்று எங்கோ படித்தேனே?

நான்: அதுதான் அவர்களுடைய முதல் கதை. கௌண்டின்யன் என்று ஒருவன் கப்பலில் வருகிறான். நாக அரசன் மகள் சோமா எதிர்த்து வருகிறாள். கல்யாணம் ஆகிறது. மாமனார் சீதனம் கொடுக்க வேண்டுமே. தேங்கிக் கிடந்த தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டு, அடியில் இருந்த நிலத்தை மருமகனுக்குக் கொடுத்தாராம்.

பெரியப்பா: வடிகால் வேலை.

தம்பி: 😂😂

நான்: சிரிக்காதே, பெரியப்பா சொன்னதில் உண்மை இருக்கிறது. மேகோங் கழிமுகம் முழுக்கச் சேறு. அங்கே முதல் சில நூற்றாண்டுகளில் இருந்த அரசைச் சீனர்கள் ஃபூனான் என்று எழுதினார்கள். மூன்றாம் நூற்றாண்டில் தூதர்களையே அனுப்பினார்கள். துறைமுகம் ஓக் இயோ, இன்று வியட்நாமுக்குள் இருக்கிறது. 1944-இல் தோண்டியபோது ரோமப் பேரரசன் அந்தோனினஸ் பயஸ் பெயர் பொறித்த தங்கப் பதக்கமே கிடைத்தது. அங்கிருந்து அங்கோர் போரெய் பக்கம் வரை போகும் கால்வாய்களை விமானத்திலிருந்து எடுத்த படங்களில்தான் முதலில் கண்டார்கள்.

சித்தி: நம் மணிமேகலையிலும் நாக இளவரசி பீலிவளையும் சோழனும் வருகிறார்களே.

நான்: ஆமாம், ஒரே சாயல். கடல் ஓரத்து அரசர்கள் எல்லோரும் நாகர் வீட்டில் பெண் எடுத்திருக்கிறார்கள் போல. இங்கே இன்றும் கல்யாணத்தில் மாப்பிள்ளை, பெண்ணின் மேலாடை முனையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவான். நாகலோகத்துக்கு அவள்தான் வழி தெரிந்தவள், அதனால்.

சித்தி: நல்ல பழக்கம். உன் சித்தப்பாவுக்குக் காட்டுகிறேன்.

மதியம் 1:30

நான்: டா ப்ரோமில் இருக்கிறேன். சுவரின்மேல் மரம் உட்கார்ந்திருக்கிற கோயில். ஏழாம் ஜயவர்மன் 1186-இல் தாய்க்காகக் கட்டினார். கல்வெட்டு முழுக்க வரவு செலவுதான். உள்ளே தங்குகிறவர்கள் 12,640 பேர், அதில் ஆடும் பெண்கள் 615. வெளியே கிராமங்களிலிருந்து இதற்கு உழைத்தவர்களையும் சேர்த்தால் மொத்தம் 79,365. நாடு முழுக்க 102 ஆஸ்பத்திரிகள் என்றும் அதிலேயே இருக்கிறது.

அத்தை: ஒரு கோயிலுக்கு இத்தனை பேருக்கு யார் சோறு போட்டது?

நான்: வெளியே கிராமங்களில் உழைத்தவர்கள்தான் அத்தை. மீனுக்கு டோன்லே சாப் ஏரி. மழைக்காலத்தில் மேகோங் பெருகினால் டோன்லே சாப் ஆறு திரும்பி ஓடி ஏரிக்குள் போகிறது. ஏரி நாலைந்து மடங்கு விரிந்து, மரங்களுக்கு நடுவில் மீன் குஞ்சு பொரிக்கிறது. மழை முடிந்ததும் தண்ணீர் இறங்கும்போது வலை போட்டால் போதும். பிடித்ததை உப்பில் ஊறவைத்து ப்ரஹோக் என்று வருடம் முழுக்கச் சாப்பிடுகிறார்கள். பாயோன் கோயில் சுவரில் பாருங்கள், போர்க் காட்சிக்குக் கீழே சமையல், சந்தை, சேவல் சண்டை, தண்ணீர் முழுக்க மீன்.

சித்தி: சந்தையில் பெண்கள்தானே உட்கார்ந்திருக்கிறார்கள்?

நான்: ஆமாம். 1296-இல் சீனத் தூதுக்குழுவோடு வந்த ஷூ தாகுவானும் அதைக் கவனித்தார். வியாபாரம் எல்லாம் பெண்கள் கையில். கடை கிடையாது, தரையில் பாய் விரித்து உட்காருவார்கள், இடத்துக்கு அதிகாரிக்கு வாடகை. சீனத்திலிருந்து வருகிறவன் முதல் வேலையாக ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்வான், அவளுடைய வியாபாரத் திறமையும் உதவும் என்று எழுதியிருக்கிறார்.

பெரியப்பா: பிறகு ஏன் விட்டுவிட்டுப் போனார்கள்?

நான்: 1431-இல் இன்றைய தாய்லாந்தில் இருந்த அயுத்தயா அரசின் படை பிடித்தது என்பது ஒரு காரணம். அதற்கு முன்பே, பதினான்காம் நூற்றாண்டின் நடுவில் பல வருட வறட்சி, நடுநடுவே பேய்மழை. வியட்நாம் மலை மரங்களின் வளையங்களில் அது பதிவாகியிருக்கிறது. வறட்சியில் வாய்க்கால் தூர்ந்து, வெள்ளத்தில் கரை உடைந்திருக்கிறது. அரசு தெற்கே நோம்பென் பக்கம் போய்விட்டது, அங்கே கப்பல் வியாபாரமும் இருந்தது.

பெரியப்பா: தூர் வாரவில்லை என்று சொல். ஆயிரம் வருடம் ஆனாலும் அதே புகார்.

மாலை 6:50

மதுரை மாமா: பாப்பா, அப்போது தமிழருக்கும் இவர்களுக்கும் தொடர்பே இல்லையா? நான் அனுப்பியது முழுப் பொய்யா?

நான்: தொடர்பு இருக்கிறது மாமா, எழுத்தைத் தவிரவும். கரந்தைச் செப்பேட்டில் காம்போஜ அரசன், அதாவது கம்போடிய அரசன், ராஜேந்திர சோழனுக்கு ஒரு தேர் அனுப்பினான் என்று இருக்கிறது. சிதம்பரத்தில் 1114-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, காம்போஜ அரசன் முதலாம் குலோத்துங்கனுக்கு ஒரு கல் கொடுத்தான், அதை எதிரம்பலத்துச் சுவரில் பதித்தார்கள் என்கிறது. சூர்யவர்மன் பட்டத்துக்கு வந்த அடுத்த வருடம்.

மதுரை மாமா: சிதம்பரத்திலா? நான் எத்தனை தடவை போயிருக்கிறேன்!

நான்: இரண்டு பெரிய வீடுகள் சீர் அனுப்பிக்கொள்கிற மாதிரிதான்.

மதுரை மாமா: சரி. அந்தத் தேரையும் கல்லையும் மட்டும் எங்கள் ஓய்வூதியர் குழுவில் போடலாமா?

நான்: தாராளமாக. பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்லாதீர்கள்.

மதுரை மாமா: 🙏

சித்தி: கட்டம் போட்ட துண்டு ஒன்று விற்பார்களாமே, அதில் சிவப்பு இரண்டு வாங்கிவிடு.

நான்: க்ரமா. சரி சித்தி.

பெரியப்பா: நாளை மேற்கு பாராய்க்குப் போகிறாயா?

நான்: காலையில் போகிறேன் பெரியப்பா.

பெரியப்பா: தெற்குக் கரைப் பக்கம் போ. இன்றைக்கும் வயலுக்குத் தண்ணீர் போகிறது என்றால் அங்கேதான் திறப்பு இருக்கும். பக்கத்தில் ஒரு ஆளை நிற்கவைத்துப் படம் எடு, அப்போதுதான் அளவு தெரியும்.