கான்ட்ராக்ட் வேலைக்கு கோடிங் டெஸ்ட்: எழுதலாமா, மறுக்கலாமா?

வணக்கம். ஜாவா பேக்எண்டில் (சர்வர் பக்க நிரல் வேலையில்) பத்து வருஷத்துக்கு மேல் கான்ட்ராக்டில் இருப்பவர்களிடம் ஒரு கேள்வி. சென்னையில் ஆறு மாத வேலை. கிளையன்ட் பேசுவதற்கு முன்பே வெண்டார் (இடையில் ஆள் பிடித்துக் கொடுப்பவர்) 90 நிமிட ஆன்லைன் டெஸ்ட் லிங்க் அனுப்பிவிட்டார். எழுதுவதா, வேண்டாமா?

டெஸ்ட்டே கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் கோடிலிட்டி, ஹேக்கர்ரேங்க் மாதிரி தளங்களில் மறைவான டெஸ்ட் கேஸ்கள்தான் (நம் கோடை ஓட்டிப் பார்க்கும், நமக்குக் காட்டாத உள்ளீடுகள்) மதிப்பெண்ணைத் தீர்மானிக்கின்றன. காலி அரே (உறுப்பே இல்லாத வரிசை), இன்ட் என்ற முழு எண் வகையின் எல்லையைத் தாண்டும் கூட்டுத்தொகை எல்லாம் வரும். லூப்புக்குள் லூப் போட்டால் விடை சரியாக இருந்தும், 1,00,000 உறுப்புகள் வந்ததும் நேர வரம்பு தாண்டி டைம்அவுட் ஆகிவிடும். பல கணக்குகளில் ஹேஷ்மேப் (தேடியதை உடனே எடுத்துத் தரும் சேமிப்பு அமைப்பு) போட்டால் தப்பிக்கலாம். புரொடக்‌ஷனில் டெட்லாக்கை (த்ரெட்கள் ஒன்றுக்காக ஒன்று காத்து உறைந்து நிற்பதை) துருவிக் கண்டுபிடிக்கும் திறமை இதில் எங்கே தெரியும்?

வெண்டாரிடம் முதலில் கேட்க நினைப்பது: மாத ரேட் முடிவாகிவிட்டதா, ஜிஎஸ்டி தனியா, ஸ்கோரை மட்டும் பார்ப்பார்களா, கோடையும் யாராவது படிப்பார்களா. டெஸ்டுக்குப் பதிலாக கிளையன்ட் டெவலப்பருடன் 30 நிமிடம் ஸ்கிரீன் ஷேரில் கோட் ரிவ்யூ செய்யத் தயார் என்றும் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

இதற்கு ஒத்துக்கொண்ட கிளையன்ட் உண்டா? வெண்டார் அப்படியே பெயரைக் கழற்றிவிடுவாரா? நீங்கள் அனுப்பிய மெயில் வாசகத்தையே இங்கே போட்டால் பெரிய உதவியாக இருக்கும்.