வரப்போகிறது என்று தெரிந்தும்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ப்ளூபே_முக்குளிப்பவன்

2025 காவடி முடிந்த வாரம். நம்ம மொரீஷியஸில் ப்ளூ பே பக்கம் நாங்கள் கயிற்றில் பவளத் துண்டு கட்டி வளர்ப்பது இங்கே பலருக்குத் தெரியும். அமெரிக்கக் கடல், வானிலை அமைப்பான நோவாவின் நாலு மாதப் பவள வெளுப்பு முன்கணிப்பில் 90 சதவீத வரைபடம் நமக்கு மஞ்சள், 60 சதவீத வரைபடம் சிவப்பு. அதாவது கடல் சூட்டைக் கூட்டிச் சொல்லும் 'வெப்ப வாரம்' என்ற எண், பவளம் வெளுக்கும் 4-ஐத் தொட நூற்றுக்கு அறுபதாவது வாய்ப்பு. கயிறுகளைத் தண்ணீர் குளிர்ந்த ஆழத்துக்கு இறக்கலாமா என்று படகிலேயே பேசினோம். மற்ற மூன்று பேரும் இறக்கச் சொன்னார்கள். வேண்டாம் என்றது நான். 2024-இல் இதே மாதிரி பயந்து இறக்கினோம்; பெலால் புயல் வந்து, மேகம் மூடி, தண்ணீர் குளிர்ந்துவிட்டது. இறக்கிய துண்டுகளில் பாதி மணலில் புதைந்து போனதுதான் மிச்சம். அந்த நினைப்பில் "பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டேன்.

பத்து நாள் கழித்து தங்கை மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். முகமூடியோடு தலையைத் தண்ணீருக்குள் வைத்தவள் உடனே வெளியே எடுத்து, "மாமா, எல்லாம் பூத்திருக்கு!" என்றாள். பார்த்தேன். பழுப்பாக இருந்த கிளையெல்லாம் ஊதாவும் நீலமுமாக ஒளிர்ந்தது. உள்ளே குடியிருந்த பாசி வெளியேறிய பிறகு, வெயிலிலிருந்து தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பவளம் கூட்டும் நிறம் அது. அடுத்தது வெள்ளை. அவளிடம் அதைச் சொல்லவில்லை. "ஆமாம்மா, அழகா இருக்கு" என்றேன். மார்ச் கடைசியில் அதே கயிற்றில் பச்சைப் பாசி தொங்கியது.

அந்த "ஆமாம்மா" இன்னும் தொண்டையில் நிற்கிறது.

க்ரான்கோப்_பெரியவர்

தம்பி, ஒன்று இடிக்கிறது. பெலால் வந்ததால் 2024 முன்கணிப்பு பொய்த்தது என்று எடுத்துக்கொண்டீர்கள். 60 என்றால் பத்தில் நாலு தடவை வராமலும் போகும் என்றுதானே அர்த்தம்? 1998-இல் சேஷல்ஸில் பவளம் கொத்துக்கொத்தாகச் செத்தது. நமக்குப் பிப்ரவரியில் அனாசெல் புயல் வந்து கடலைக் கலக்கி, வானத்தை மூடிவிட்டுப் போனதால் பெரிய அடி விழவில்லை. அந்தப் புயலில் என் மீன் கூண்டுகள் எல்லாம் போய்விட்டன. ஒரு மாதம் அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். பவளத்திட்டைக் காப்பாற்றியதும் அதே புயல்தான் என்று பல வருஷம் கழித்து ஒரு ஆராய்ச்சி மாணவர் சொல்லித்தான் தெரிந்தது. என் கதை அவ்வளவுதான்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். செயற்கைக்கோள் 5 கிலோமீட்டர் சதுரமாகத்தான் கடலைப் பார்க்கிறது. காற்று விழுந்த நாளில், வற்றத்தின்போது, திட்டுக்கு உள்ளே மதியம் தண்ணீர் எப்படிச் சுடும் என்று அதற்குத் தெரியாது. கயிற்றிலேயே ஒரு வெப்பமானியைக் கட்டுங்கள். அது சொல்வதும் முன்கணிப்பு சொன்னதும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று எழுதிக்கொண்டே வந்தால், இரண்டு கோடையில் உங்கள் இடத்துக்கு அதை எப்படிப் படிப்பது என்பது கைவந்துவிடும். அந்த வரைபடம் வாராவாரம் மாறும். பஞ்சாங்கம் மாதிரி வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்து மூடி வைத்துவிடாதீர்கள். வழக்கமாக மிகச் சூடான மாதத்தின் சராசரியைவிட 1 டிகிரி கூடுதலாக ஒரு வாரம் இருந்தால் ஒரு வெப்ப வாரம். 12 வாரத்துக்கு அதைக் கூட்டுவார்கள். 4-இல் வெளுப்பு, 8-இல் சாவு. அப்படியானால் 2-இலேயே படகும் எடைக்கல்லும் ஆளும் தயாராக வேண்டாமா?

அப்புறம், எந்த எண் வந்தால் என்ன செய்வது என்று டிசம்பரிலேயே எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். புயலுக்கு நமக்கு எச்சரிக்கை வகுப்பு இருக்கிறது. வகுப்பு 3 என்றால் கடை சாத்துகிறோம், பஸ் நிற்கிறது, வீட்டுக்குள் போகிறோம். புயல் விலகிப் போனாலும் ஏன் சாத்தினோம் என்று யாரும் சண்டை போடுவதில்லை. பவளத்துக்கு அப்படி ஒன்று இல்லாததால்தான் படகில் வைத்துப் பேசினீர்கள். படகில் பேசினால் போன வருஷத்து நஷ்டம்தான் வாய் திறக்கும்.

மாயேபூர்_தையல்காரி

ஐயா, எண் எழுதி வைப்பது நல்லதுதான். எனக்கு நடந்ததில் எண்ணுக்கே வேலை இல்லை.

2020. வகாஷியோ கப்பல் ஜூலை 25 புவாந்த் தெஸ்னியில் தட்டி நின்றது, ஆகஸ்ட் 6 எண்ணெய் கசிந்தது. மாயேபூர் கடற்கரையில் துணியைத் தைத்து, உள்ளே கரும்புச் சோகை திணித்து, காலி பிளாஸ்டிக் பாட்டில் கோத்து மிதவை செய்துகொண்டிருந்தோம். கையெல்லாம் சோகை கீறிய கோடு. என் மகன் போனில் காற்றைப் பார்த்துவிட்டு, "தென்கிழக்குக் காத்து விடாதும்மா, எண்ணெய் வடக்க ஏறும், பெரியம்மா வீட்டுப் பக்கம்" என்றான். அக்கா வீடு வியே கிரான் போரில். அத்தான் கூண்டு வைத்து மீன் பிடிப்பவர். உடனே அக்காவைக் கூப்பிட்டேன். "என்னடி சொல்ற, இங்க தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு" என்றாள். பின்னால் அலைச் சத்தம்கூடக் கேட்டது. மூத்தவளிடம் அதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று போனை வைத்துவிட்டுத் தைக்க உட்கார்ந்தேன்.

அத்தான் கூண்டைத் தூக்கியபோது அது கையோடு ஒட்டிக்கொண்டு வந்ததாம்.

இல் ஓ ஸேக்ரெத் தீவிலிருந்து அரிய பறவைகளையும் நாற்றுகளையும் அவசரமாக வெளியே கொண்டுபோனார்கள். பறவைக்குச் செய்ததை என் அக்காவுக்கு நான் செய்யவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டிருக்கலாம்.

லிச்சித்_தோட்டம்

எல்லோரும் நம்பாமல் விட்டதைச் சொல்கிறீர்கள். நான் நம்பியவன்.

2015. லிச்சி பழுக்கும் நேரம், மரத்தில் இரவெல்லாம் பழந்தின்னி வௌவால். இத்தனை ஆயிரம் இருக்கின்றன, இத்தனையைச் சுட்டாலும் இனம் தாங்கும் என்று ஒரு கணக்கு வந்தது. எனக்கு அது வேதவாக்காகப் பட்டது. அந்த முறை 30,000-க்கும் மேல் கொன்றார்கள், அடுத்த வருஷமும் சுட்டார்கள். ஒரு விடியலில் மரத்தடியில் ஒரு பெண் வௌவால் கிடந்தது. உயிர் இருந்தது. சிறகைத் தூக்கினால் நெஞ்சோடு ஒட்டிய குட்டி, காம்பைக் கவ்வியபடி. குட்டி என்னையே பார்த்தது. 2018-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அந்த இனத்தை அழிவின் விளிம்புக்கு இன்னும் ஒரு படி அருகே நகர்த்திப் பட்டியலிட்டதைப் படித்தபோது அந்தக் கண்தான் வந்தது.

பெரியவரே, எண்ணைக் கையெழுத்தோடு எழுதி வைக்கச் சொன்னீர்கள். எனக்கு அங்கேதான் பயம். கூடினால் எவ்வளவு, குறைந்தால் எவ்வளவு, நடுவில் ஒரு பெரும்புயல் வந்தால் எத்தனை மிஞ்சும் என்று நான் கேட்கவே இல்லை. ஒற்றை எண் போதுமாக இருந்தது. தப்பான எண்ணும் கையெழுத்தோடு நிற்கும்.

க்ரான்கோப்_பெரியவர்

அதற்குத்தானே வாராவாரம் திருத்தச் சொன்னேன்? எழுதியதை அடிக்கக் கூடாது என்று எங்கே சொன்னேன்? இருந்தாலும் நீங்கள் சொன்ன கூடினால்-குறைந்தால் சரி, அதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். மரத்துக்கு வலை போட்டீர்களா? அறுவடை முடிந்ததும் கவாத்து செய்து உயரத்தைக் குறைத்துவிட்டால் ஒரு ஆள் ஏணி வைத்து வலை மூடிவிடலாம். இழுத்துக் கட்டுங்கள். தொங்கலாக விட்டால் வௌவால் சிக்கிச் சாகும், திரும்பவும் அதே விடியல்தான்.

ப்ளூபே_முக்குளிப்பவன்

பெரியவரே, வெப்பமானி கட்டியாயிற்று, மூன்று மீட்டரில் ஒன்று, எட்டில் ஒன்று. தாளும் எழுதினோம். லிச்சி அண்ணன் சொன்னதைப் படித்த பிறகு ஒரு வரியை மாற்றினோம்: 2 வந்தால் பாதிக் கயிறு மட்டும் இறங்கும், பாதி மேலேயே இருக்கும். எது பிழைக்கிறது என்று பார்த்து அடுத்த கோடைக்குத் தாளைத் திருத்துவோம். மேலே விடும் பாதியில் எந்தக் கயிறு என்பதை இன்னும் யாரும் முடிவு செய்யவில்லை.

தையல்கார அக்கா, நானும் இன்னொரு தடவை சொல்லியாக வேண்டும். தங்கை மகள் இந்த வருஷமும் படகில் வருகிறேன் என்கிறாள். போன தடவை அவள் பார்த்தது பூ இல்லை என்று கரையிலேயே சொல்லிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.