எஃப்1 திரையில் வரும் பேட்டரி பட்டை: கணக்கா, குருட்டு யூகமா?

ஸ்லிப்ஸ்ட்ரீம்செல்வன்:
ஃபார்முலா ஈ (முழு மின்கார் பந்தயம்) ஒளிபரப்பில் மீதி மின்சாரம் சதவீதமாக வருகிறது. அது காரே அனுப்பும் அளவு. எஃப்1-இல் எந்த அணியும் தன் பேட்டரி நிலவரத்தை எதிரணி கண்ணில் காட்டாது. வேகத்தையும் த்ராட்டிலையும் (ஆக்ஸிலரேட்டர் மிதி) வைத்து யூகித்த பட்டையைப் போட்டு 'இவரிடம் இவ்வளவுதான் மிச்சம்' என்பது சரியா?

தரவுப்பித்தன்:
யூகம் இல்லை, கணக்கு. 2014 முதல் 2025 வரை எம்ஜியூ-கே, அதாவது எஞ்சினோடு சேர்ந்து சக்கரத்தை ஓட்டும் மின்மோட்டார், 120 கிலோவாட்டுக்கு மேல் தந்ததில்லை. ஒரு சுற்றுக்குப் பேட்டரியிலிருந்து 4 மெகாஜூல், அதாவது முழு சக்தியில் 33 விநாடி. ஜிபிஎஸ் வேகம், எடை, காற்றுத்தடை மூன்றையும் வைத்துச் சக்கரத்துக்குப் போன சக்தியை எடுக்கலாம். எஞ்சின் பங்கைக் கழித்தால் மிஞ்சுவது மின்மோட்டாரின் பங்கு.

ஸ்லிப்ஸ்ட்ரீம்செல்வன்:
கழித்தால்! 300 கிமீ வேகத்தில் காற்றைக் கிழிக்கவே 500 கிலோவாட் போகிறது என்று வையுங்கள். மணிக்கு 18 கிமீ எதிர்காற்று அடித்தால் தடை 12 சதவீதம் ஏறும். அது 60 கிலோவாட். நீங்கள் தேடும் 120-இல் பாதி அங்கேயே போச்சு. முன்னால் ஒரு கார் போனால் தடை குறைந்து கணக்கு எதிர்ப்பக்கம் சாயும்.

தரவுப்பித்தன்:
முன்னால் யார், எவ்வளவு தூரத்தில் என்பது தெரியும், திருத்தம் போடலாம். த்ராட்டில் முழுசாக இருந்தும் நேர்பாதை முடிவில் வேகம் விழுந்தால் மின்சாரம் நின்றுவிட்டது. பின்பக்கச் சிவப்பு விளக்கும் மினுக்கும். அதற்குக் காற்றுக் கணக்கே வேண்டாம்.

பிட்வால்பாண்டி:
விளக்கு 'இப்போது தரவில்லை' என்று மட்டும்தான் சொல்கிறது. தீர்ந்துவிட்டதா, அடுத்த சுற்றில் முந்துவதற்குச் சேர்க்கிறாரா? இன்னொன்று, 2025 வரை எம்ஜியூ-எச், அதாவது டர்போவோடு இணைந்த இன்னொரு மின்மோட்டார், டர்போவில் எடுத்த மின்சாரத்தை நேராகக் கே-க்கு அனுப்ப முடிந்தது, அதற்கு வரம்பே இல்லை. சக்கரத்தில் வந்த 120 பேட்டரியுடையதா டர்போவுடையதா என்று ஜிபிஎஸ் சொல்லுமா?

தரவுப்பித்தன்:
எச் விஷயம் நியாயம்தான். ஆனால் 2026 விதிகளில் எச் கிடையாது, கே 350 கிலோவாட். தேடுவது மூன்று மடங்கு பெரிதாகிவிட்டது, காற்றுப் பிழை அதே அளவுதான்.

ஸ்லிப்ஸ்ட்ரீம்செல்வன்:
அதே விதிகளில் 290 கிமீ தாண்டினால் கே-யின் சக்தி படிப்படியாகக் குறைகிறது. முந்தப் போகும் காருக்கு 337 வரை முழுசாகத் தரலாம். வேகம் ஏறாததற்குக் காரணம் காலி பேட்டரியா, விதியா?

தரவுப்பித்தன்:
விதி எழுத்தில் இருக்கிறது, சூத்திரத்தில் போட்டால் தீர்ந்தது. அந்தச் சரிவையும் மீறி வேகம் விழுந்தால்தான் காலி.

பிட்வால்பாண்டி:
ஒரு சுற்றுக்கு ஓடும். சுற்றுக்குச் சுற்று கூட்டிக்கொண்டே போனால் சின்னச் சின்னப் பிழையும் சேர்ந்து, பத்தாவது சுற்றில் பட்டை எங்கேயோ நிற்கும். 'தருகிறது', 'சேர்க்கிறது' என்று இரண்டு நிறம் போதும்.

தரவுப்பித்தன்:
வெறும் நிறத்தை வைத்து ரசிகர் என்ன செய்வார்? அந்தச் சுற்றில் எவ்வளவு செலவழித்தார் என்றாவது காட்டட்டும்.

ஸ்லிப்ஸ்ட்ரீம்செல்வன்:
காட்டட்டும், பக்கத்தில் 'கணிப்பு' என்றும் போடட்டும். வர்ணனையாளர் அதை அளந்த எண் மாதிரி வாசிப்பதுதான் எனக்கு எரிச்சல்.