ஈர மூலையில் முதல் பூ

அக்கா: (படம்) மூன்று வருஷமாக வெறும் இலையாக நின்ற காட்டு ஐரிஸ் இன்று பூத்துவிட்டது!! விதை போட்டு வளர்த்தது 😍

சித்தி: அடி என் தங்கமே, என்ன நிறம்! நான் போன வருஷம் வைத்தது அழுகவும் இல்லை, வளரவும் இல்லை. அப்படியே காய்ந்துபோனது.

அக்கா: எப்படி வைத்தீர்கள் சித்தி?

சித்தி: கிழங்கு பாதி வெளியே தெரிய வேண்டும், மேட்டு நிலமாக இருக்க வேண்டும் என்று வாங்கிய இடத்தில் சொன்னார்கள்.

அக்கா: அது தாடி ஐரிசுக்கு, இதழில் தாடி போல மயிர் இருக்கும் வகைக்கு, சொல்வது சித்தி. இது வெர்சிகலர், வட அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்துச் சதுப்பில் தானாக வளர்வது. கால் நனைந்தே இருக்க வேண்டும். கிழங்கை இரண்டு விரல் ஆழம் மண்ணில் மூடுங்கள். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயடியில், வேறு எதுவுமே பிழைக்காத மூலையில்தான் என்னுடையது நிற்கிறது. வெயில் மட்டும் நன்றாகப் பட வேண்டும்.

தம்பி: வெர்சிகலரா? புள்ளியியல் வகுப்பில் முதல் நாளே வந்த பூ அக்கா! 150 ஐரிஸ் பூக்களின் அளவுகள். புள்ளியியல் அறிஞர் ஃபிஷர் 1936-இல் வெளியிட்டது. மூன்று இனத்தில் இது ஒன்று. நேரில் இன்றுதான் பார்க்கிறேன்.

அக்கா: வந்து பாருடா. தொங்கும் இதழின் அடியில் மஞ்சள் திட்டு, அதிலிருந்து ஊதா நரம்புகள். வண்டு அந்தக் கோட்டைப் பிடித்தே உள்ளே நுழைகிறது, முதுகெல்லாம் மகரந்தத்தோடு வெளியே வருகிறது. காபி ஆறியதே தெரியவில்லை.

மாமா: எங்கள் குளத்தோரம் மஞ்சளாக நிற்கிறதே, அதுவும் காட்டு வகைதானே?

அக்கா: இல்லை மாமா, அது ஐரோப்பாவிலிருந்து வந்தது. விதை மிதந்து போய்க் கரை முழுக்க அடைத்துக்கொள்ளும், மற்றதை வளர விடாது. தோண்டி எடுத்துவிடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சாறு பட்டால் அரிக்கும். நாயையும் கிழங்குப் பக்கம் விடாதீர்கள், எந்த ஐரிஸ் என்றாலும் அதற்கு ஆகாது.

மாமா: சரிம்மா, சனிக்கிழமை இறங்கிவிடுகிறேன்.

சித்தி: எனக்கு ஒரு துண்டு பிரித்துத் தருவாயா?

அக்கா: இந்த வருஷம் வேண்டாம் சித்தி, இப்போதுதான் வேர் பிடித்து நிற்கிறது. காய் பழுப்பானதும் விதை தருகிறேன். இலையுதிர் காலத்தில் தொட்டியில் தூவி வெளியிலேயே விடுங்கள். குளிர் பட்டால்தான் முளைக்கும்.

தம்பி: ஏரிக்கரையில் நிறைய நிற்குமே, ஒன்று பிடுங்கி வரட்டுமா சித்தி?

அக்கா: அதைத் தொடவே கூடாதுடா. அங்கே இருப்பது அங்கேயே இருக்கட்டும்.

சித்தி: ஆமாம், விதையே போதும். குழாயடியை இன்று மாலையே கொத்தி வைக்கிறேன்.